மறதி பிடிச்ச மெசின்: பழைய யுனிக்ஸ் வேர்க்ஸ்டேஷன் எண்டா என்ன, அதை எப்பிடி இப்பவும் ஓட விடுறது

ஜேர்மனியில இருக்கிற மச்சான் கப்பல்ல அனுப்பின பெரிய பெட்டிக்குள்ள சொக்லேட், குளிர்ச்சட்டை, சோப்பு எல்லாத்துக்கும் அடியில போர்வையால சுத்தின சாம்பல் நிறத் தட்டைப் பெட்டி ஒண்டு இருந்தது. அதைப் பார்த்த ஆக்கள் ஆளுக்கொரு கதை சொன்னாங்க. அம்மா பழைய டிவிடி பிளேயர் எண்டு நினைச்சா, பக்கத்து வீட்டுத் தம்பி "அண்ணை இது சேர்வர்" எண்டான், கம்பஸ்ல படிக்கிற ஒராள் "லினக்ஸ் மெசின்தானே" எண்டு முடிச்சுட்டார், இன்னொருத்தர் பழைய இரும்புக்குப் போட்டா எவ்வளவு வரும் எண்டு கேட்டார். நாலு பேர் சொன்னதும் பிழை.

அது சன் கொம்பனியின்ர ஸ்பார்க்ஸ்டேஷன் 5. 1994ல வந்த யுனிக்ஸ் வேர்க்ஸ்டேஷன். இந்த மாதிரி மெசின்களைப் பற்றி ஆக்கள் கதைக்கேக்க எல்லாத்தையும் ஒரே சாக்குக்குள்ள போட்டுக் குழப்புறாங்க, முக்கியமா "அது செத்துப்போச்சு" எண்ட சொல்லை கண்டபடி பாவிக்கிறாங்க. அதான் ஒண்டுமே தெரியாத ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி எழுதிப் பார்க்கலாம் எண்டு இருந்தன்.

ஓட்டோ, பஸ், உழவு மெசின்

வீட்டில இருக்கிற பீசி எண்டுறது ஓட்டோ மாதிரி. சின்னச் சின்ன ஓட்டம், மலிவு, எல்லாரிட்டயும் இருக்கும். சேர்வர் எண்டுறது சீரிபி பஸ். கனபேரை ஒண்டா ஏத்திக்கொண்டு போகும், ஓட்டுறவர் ஒராள், ஏறுறவங்க நூறு பேர். வேர்க்ஸ்டேஷன் எண்டுறது உழவு மெசின். ஏறி இருக்கிறது ஒரே ஒராள்தான், ஆனா அவர் செய்யிற வேலை ஓட்டோவால செய்யேலாது. கட்டடம் வரையிற இஞ்சினியர், சிப் டிசைன் பண்ணுறவர், படத்துக்கு கிராபிக்ஸ் செய்யிறவர், வானிலைக் கணக்குப் பார்க்கிற விஞ்ஞானி, இவையளின்ர மேசையில இருந்த மெசின் அது.

விலையும் அப்பிடித்தான். 1989ல வந்த முதல் ஸ்பார்க்ஸ்டேஷன் 9000 டொலருக்குக் கிட்ட. 1993ல எஸ்ஜிஐ கொம்பனி இண்டி எண்ட நீல நிற மெசினை 5000 டொலர் அளவில விட்டப்ப அதை "மலிவு" எண்டு விளம்பரம் செய்தாங்க. அதோட ஒரு குட்டிக் கமராவும் வந்தது, 1993லயே. இப்ப சூம்ல கதைக்கிற எங்களுக்கு அது சாதாரணம், அண்டைக்கு பார்த்தவனுக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசியுங்க.

யுனிக்ஸ் வேற, லினக்ஸ் வேற

ஒப்பரேட்டிங் சிஸ்டம் எண்டுறது மெசினுக்கும் எங்களுக்கும் நடுவில நிண்டு மெமரி, டிஸ்க், கீபோர்ட் எல்லாத்தையும் பங்கு போட்டுக் குடுக்கிற மென்பொருள். விண்டோஸ் ஒண்டு, அண்ட்ரொயிட் ஒண்டு. யுனிக்ஸ் 1969ல அமெரிக்காவில பெல் லாப்ஸ்ல கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கினது, 1973ல அதை சீ மொழியில திருப்பி எழுதினாங்க. இந்த சீ மொழி விசயம்தான் முக்கியம், ஏனெண்டா அதுக்குப் பிறகு ஒரு மெசினில இருந்து இன்னொரு மெசினுக்கு யுனிக்ஸைக் கொண்டுபோறது லேசாப் போச்சு, ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு யுனிக்ஸ் சமைச்சாங்க. சன்னுக்கு சொலாரிஸ், எஸ்ஜிஐக்கு ஐரிக்ஸ், எச்பிக்கு எச்பி-யூஎக்ஸ், ஐபிஎம்முக்கு ஏஐஎக்ஸ்.

1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கின லினக்ஸ் யுனிக்ஸ் மாதிரியே நடக்கும், ஆனா அதின்ர வரிகளை எடுத்து எழுதினது இல்ல. அம்மாவின்ர மீன்குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்து அதே ருசியில தன்ர அடுப்பில வைச்ச மருமகள் மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளுங்க. ருசி ஒண்டு, சட்டி வேற. ஆனபடியால் "பழைய யுனிக்ஸ் மெசின்" எண்டா "பழைய லினக்ஸ் பீசி" எண்டு எடுக்கக் கூடாது.

அங்குல ஸ்பானர்

இலங்கையில மொறிஸ் மைனர் வைச்சிருக்கிற ஆக்களைக் கேட்டுப் பாருங்க. அதுக்கு அங்குல அளவு ஸ்பானர் வேணும், ஜப்பான் வாகனத்துக்குப் பாவிக்கிற மில்லிமீட்டர் ஸ்பானர் வடிவாப் பொருந்தாது, பலவந்தமாத் திருப்பினா நட் தேஞ்சு போகும். வேர்க்ஸ்டேஷனும் இதே கதைதான். இப்ப இருக்கிற கன பீசிக்குள்ள இன்டெல் வழி வந்த புரொசெசர். அந்தக் காலத்தில சன்னுக்கு ஸ்பார்க், எஸ்ஜிஐக்கு மிப்ஸ், எச்பிக்கு பிஏ-ரிஸ்க், டெக்குக்கு அல்ஃபா எண்டு ஆளுக்கொரு புரொசெசர். புரொசெசர் எண்டா கணக்குச் செய்யிற மூளைச் சிப், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி பாஷை. ஒண்டுக்கு எழுதின புரோகிராம் மற்றதில ஓடாது. மொனிட்டர் கேபிள் கூட வேற, 13டபிள்யூ3 எண்டு மூண்டு தடிச்ச துவாரமும் பத்துச் சின்னப் பின்னும் உள்ள ஒரு தலை. திருகோணமலை ரவுண் முழுக்கத் தேடினன், கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு "தம்பி இது ஆஸ்பத்திரி மெசினின்ர வயரா" எண்டு கேட்டார்.

சுருக்கமாச் சொன்னா: ஒராளுக்கான பாரவேலை மெசின், யுனிக்ஸ் குடும்பத்து ஒப்பரேட்டிங் சிஸ்டம், தனக்கெண்டு ஒரு புரொசெசர். இந்த மூண்டும் சேர்ந்ததுதான் யுனிக்ஸ் வேர்க்ஸ்டேஷன். 90களின்ர கடைசியில சாதாரண பீசி வேகமாகவும் மலிவாகவும் வந்து இந்தச் சந்தையை விழுங்கிட்டுது. சன்னை 2010ல ஒராக்கிள் வாங்கிட்டுது. ஐரிக்ஸின்ர கடைசிப் பதிப்பு 2006ல வந்தது.

செத்ததா, மறந்ததா?

இனித்தான் விசயமே. என்ர மெசினை முதல் நாள் கறண்ட்ல போட்டன். ஃபேன் சுத்தினது, ஏதோ எழுத்து வந்தது, மெசினின்ர அடையாளத் தகவல் செல்லுபடியாகாது எண்டு ஒரு வரி, நெட்வேர்க் அட்ரஸ் இருக்கவேண்டிய இடத்தில எஃப்எஃப், எஃப்எஃப் எண்டு ஆறு தரம். அதுக்குப் பிறகு டிஸ்கைத் தேடாம நெட்வேர்க் பக்கம் பார்த்து "பதில் வரேல்ல, பதில் வரேல்ல" எண்டு திரும்பத் திரும்பப் புலம்பிக்கொண்டு இருந்தது. பார்க்கிறவனுக்கு மெசின் முடிஞ்சுது எண்டுதான் தோணும். எத்தினையோ நல்ல மெசினை ஆக்கள் இந்தக் கட்டத்திலதான் இரும்புக்குப் போட்டிருக்கிறாங்க, நினைச்சா வயிறு எரியுது.

உண்மையில நடந்தது என்னெண்டா, மெசினுக்குள்ள இருக்கிற சர்க்கிட் போர்ட்ல என்விராம் எண்டு ஒரு சிப் இருக்கு. கறண்ட் இல்லாட்டியும் மறக்காத மெமரி எண்டு அர்த்தம். என்ர மெசினில அது எம்48டி08 எண்ட 28 பின் சிப், கறுப்பு நிறம், மற்ற சிப்பை விட முதுகு உயரம். அந்த முதுகுக்குள்ள ஒரு குட்டி லித்தியம் பற்றரியையும் மணிக்கூட்டுக்கான படிகத்தையும் வைச்சு பிசின் ஊத்தி அடைச்சிருக்கிறாங்க. பற்றரிக்குக் கணக்கு வைச்ச ஆயுள் பத்து வருஷம். 1994ல வந்த மெசினுக்குப் பத்து வருஷம் எப்ப முடிஞ்சிருக்கும் எண்டு நீங்களே பாருங்க.

பற்றரி செத்தா மணிக்கூடு நிக்கும், அது பெரிய விசயம் இல்ல. ஆனா சன்காரர் மெசினின்ர அடையாளத்தையும் அதே சிப்புக்குள்ள வைச்சுட்டாங்க. மொத்தம் 16 பைட். பைட் எண்டா ஒரு எழுத்து வைக்கிற அளவு இடம். முதல் பைட் எந்த முறையில எழுதியிருக்கு எண்டதுக்கு, ரெண்டாவது மெசினின்ர வகை, அடுத்த ஆறு நெட்வேர்க் அட்ரஸ், அடுத்த நாலு தயாரிச்ச திகதி, மூண்டு சீரியல் நம்பர், கடைசி ஒண்டு சரிபார்க்கிற எண், கடைக் கொப்பியின்ர அடியில போடுற கூட்டுத்தொகை மாதிரி. மேல இருக்கிறது மாறினா அடித்தொகை பொருந்தாது, மெசின் உடனே பிடிச்சிரும். அடையாள அட்டையைத் துலைச்ச ஆள் செக்பொயின்ற்ல நிக்கிற நிலைதான் இப்ப மெசினுக்கு. எந்த டிஸ்க்ல இருந்து தொடங்கவேணும் எண்டு முந்தி எழுதி வைச்ச குறிப்பும் போச்சு. அதால நெட்வேர்க்கில சத்தம் போட்டு "நான் ஆர், என்ர அட்ரஸ் என்ன, ஆரும் சொல்லுங்கோ" எண்டு கேக்குது. இது நான் பகிடிக்குச் சொல்லேல்ல, ஆர்ஏஆர்பி எண்ட முறை கிட்டத்தட்ட இந்தக் கேள்வியைத்தான் கேக்கும்.

புது சிப் வாங்கலாம், ஆனா பழைய ஸ்டொக்ல கிடக்கிறதை "புதுசு" எண்டு தந்தா அதுக்குள்ளயும் பற்றரி வயசு போயிருக்கும். அதால பழைய சிப்பையே திருத்துறதுதான் வழக்கம். உப்புவெளியில ரிவி திருத்துற அண்ணை ஒராளிட்ட கொண்டுபோனன். விளங்கப்படுத்தினன், சிரிச்சார், "இது கொம்பியூட்டர் வேலை இல்லையடா, பல்லுப் பிடுங்கிற வேலை" எண்டு சொல்லிப்போட்டு சொக்கட்டில இருந்து சிப்பைக் கழட்டி, முதுகின்ர ஒரு பக்கத்தை வாள் அலகாலயும் அரத்தாலயும் மெல்ல மெல்லத் தேய்ச்சார். பிசின் பவுடராக் கொட்டுது, ஒரு கட்டத்தில ரெண்டு மஞ்சள் உலோகப் புள்ளி மின்னினது. பழைய பற்றரிக்குப் போற கம்பியை வெட்டிவிட்டு (வெட்டாட்டி செத்த பற்றரி புதுசையும் குடிச்சிரும்) ரெண்டு வயரை ஈயம் வைச்சு ஒட்டி, மணிக்கூட்டுக்குப் போடுற 2032 நாணயப் பற்றரிக் கூடொண்டைக் கட்டிவிட்டார். மூண்டு வோல்ட், எந்தக் கடையிலயும் இருக்கும்.

ஒரு முட்டாள்வேலை செய்தன், சொல்லவேணும். சிப்பின்ர முதுகில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதிலதான் அந்த மெசினின்ர நம்பரின்ர கடைசிப் பகுதி அச்சடிச்சிருக்கும். தேய்க்க முந்தி அதைப் படம் எடுக்கோணும். நான் எடுக்கேல்ல. அரத்தோட அதுவும் போச்சு.

நல்லகாலம், மெசினுக்கு நாங்களே புதுசா நம்பர் எழுதலாம். சன் மெசினைத் தொடக்கினா முதல் வாறது ஓப்பன்பூட் எண்ட சின்ன புரோகிராம், போர்ட்லயே இருக்கிறது, டிஸ்க் தேவையில்ல. எல்லாத்தையும் மறந்தாலும் "ஓகே" எண்டு ஒரு சொல்லைப் போட்டுக் காத்துக்கொண்டிருக்கும், அது எனக்குப் பிடிச்ச குணம். அந்த இடத்தில 16 பைட்டையும் ஒவ்வொண்டா ரைப் பண்ணிக் குடுக்கலாம். நெட்வேர்க் அட்ரஸின்ர முதல் மூண்டு பகுதி 08:00:20, அது சன்னுக்கு ஒதுக்கினது. மிச்சத்தை நானே போட்டன், வீட்டு நெட்வேர்க்கில இன்னொண்டோட முட்டாட்டிச் சரி. இந்த நம்பரைப் பார்த்துத்தான் ஓடுவன் எண்டு பூட்டிவைச்ச விலைகூடின மென்பொருள் இருந்தா மட்டும் பழைய நம்பரே வேணும், என்னட்ட அப்பிடி ஒண்டும் இல்ல.

நிப்பாட்டித் திரும்பப் போட்டன். புலம்பல் இல்ல. நேரா டிஸ்கைத் தேடிப் போச்சு.

அதாவது: சிலிக்கன் சிப் லேசில பழுதாகாது, அதோட ஒட்டியிருக்கிற ஆயுள் குறைஞ்ச சாமான்தான் பழுதாகும். இதை விளங்கிக்கொண்டா பாதி வேலை முடிஞ்சுது.

டிஸ்கும் கப்பாசிட்டரும் கடல்காத்தும்

ஆயுள் குறைஞ்ச சாமான் இன்னும் ரெண்டு. ஒண்டு ஹார்ட் டிஸ்க். அது ஸ்கஸி எண்ட முறையில பேசும், இப்பத்த டிஸ்க் அந்தப் பாஷை பேசாது. புளூஸ்கஸி, சூலுஸ்கஸி எண்ட குட்டி போர்ட்கள் இருக்கு, ஒரு எஸ்டி கார்டைப் போட்டா அது மெசினுக்குப் பழைய ஸ்கஸி டிஸ்க் மாதிரி நடிச்சுக் காட்டும். பின் எத்தினை எண்டு மட்டும் முதலே பாருங்க, 50 இருக்கு, 68 இருக்கு, 80 இருக்கு, அடாப்டர் தேவைப்படும். இன்னொண்டு பவர் சப்ளைக்குள்ள இருக்கிற கப்பாசிட்டர், மின்சாரத்தைக் கொஞ்சநேரம் பிடிச்சு வைச்சு சீராக்கிற உருளை. உள்ள இருக்கிற திரவம் காய்ஞ்சு அல்லது ஒழுகிப் போகும். இதை நீங்களாத் திறக்க வேண்டாம், கறண்ட் கழட்டினாப் பிறகும் உள்ள அடிக்கிற அளவுக்கு வோல்ட் நிண்டிருக்கும், தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்க. அமெரிக்காவில இருந்து வந்த மெசின் எண்டா 230 வோல்ட்டுக்குத் தாங்குமா எண்டு பின்னால எழுதியிருக்கிறதைப் படிச்சுப்போட்டுச் செருகுங்க.

எங்கட ஊருக்கு எண்டு ஒரு எதிரி இருக்கு. உப்புக்காத்து. உட்துறைமுகம் ஒரு பக்கம், வெளிக்கடல் மற்றப் பக்கம், நடுவில நாங்க. கதவுப் பிணைச்சலே ரெண்டு வருஷத்தில துருப்பிடிக்குது எண்டா மெமரி சொக்கட்டின்ர பின் என்ன பாடுபடும். பச்சைக் களிம்பு பிடிச்சா மெசின் ஒரு நாள் 128 மெகாபைட் எண்டும் மறுநாள் 96 எண்டும் சொல்லும். மெமரியைக் கழட்டி விளிம்பைத் துடைச்சுத் திரும்பப் போட்டாக் கனதரம் சரிவரும். கன நாளைக்கு சும்மா வைக்கிறதை விட கிழமைக்கு ஒருக்காப் போடுறது நல்லம் எண்டது என்ர அனுபவம், சூட்டுக்கு ஈரம் போயிரும். 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் வெட்டினாங்களே, அப்பிடி ஒரு காலம் திரும்ப வந்தா இதைப் போடுறதை மறக்கவேண்டியதுதான்.

மொனிட்டர் இல்லாட்டி?

கவலை வேண்டாம். சன் மெசினில கீபோர்டைச் செருகாம விட்டா அது தானாவே சீரியல் போர்ட் பக்கம் கதைக்கத் தொடங்கும். சீரியல் எண்டா எழுத்தை ஒவ்வொரு பிட்டா (பிட் எண்டா ஒரு பூச்சியம் அல்லது ஒரு ஒண்டு) வரிசையில அனுப்புற பழைய வழி. லப்டொப்புக்கு ஒரு யூஎஸ்பி சீரியல் வயர், நடுவில அனுப்புற பின்னும் வாங்கிற பின்னும் மாறிப்போற குறுக்குக் கேபிள், வேகம் 9600. இவ்வளவுதான். ரெண்டு மாசம் அந்த 13டபிள்யூ3 அடாப்டரைத் தேடி அலைஞ்சதுக்கு இதை முதலே செய்திருக்கலாம்.

சரி, இதால என்ன பிரயோசனம்?

யூரியூப் பார்க்கேலாது, அதை விடுங்க. என்ர மெசின் 110 மெகாஹேர்ட்ஸ், உங்கட கையில இருக்கிற ஃபோன் அதை விட எத்தினையோ மடங்கு. ஆனா நெட்பிஎஸ்டி எண்டு ஒரு இலவச யுனிக்ஸ் வகை இருக்கு, 1993ல தொடங்கினது, இப்பவும் பழைய ஸ்பார்க், மிப்ஸ், அல்ஃபா எல்லாத்துக்கும் புதுப் பதிப்பு வருது. 2024ல வந்த நெட்பிஎஸ்டி 10தான் என்ர 1994 மெசினில ஓடுது. வீட்டுக்குள்ள மட்டும் தெரியிற ஒரு சின்ன வெப் பக்கம், குறிப்பு எழுதுறது, சீ மொழி படிக்கிறது, இதுக்கெல்லாம் தாராளம்.

உண்மையான பிரயோசனம் ஒண்டு சொல்லுறன். திகதியை நாங்க 4-8-2025 எண்டு எழுதுறம், நாள் முதல். ஜப்பான்காரர் 2025-8-4 எண்டு வருஷம் முதல். ரெண்டும் ஒரே நாள். கொம்பியூட்டரும் பெரிய எண்ணை மெமரியில வைக்கேக்க இதே சண்டைதான். இன்டெல் சின்னப் பக்கத்தை முதல் வைக்கும், ஸ்பார்க் பெரிய பக்கத்தை முதல் வைக்கும். இதை எண்டியன் எண்டு சொல்லுவாங்க. எல்லாரும் இன்டெல்லில மட்டும் புரோகிராம் எழுதினா அவங்களுக்குத் தெரியாமலே "சின்னப் பக்கம்தான் முதல்" எண்ட நம்பிக்கை உள்ள போயிரும், பிழை வெளிய தெரியாது. ஸ்பார்க்ல ஓட விட்டா முதல் நிமிசத்திலயே காட்டிக் குடுக்கும். அதோட எண்ணை மெமரியில கண்ட இடத்தில வைச்சா இன்டெல் பேசாம சமாளிக்கும், ஸ்பார்க் "பஸ் எரர்" எண்டு புரோகிராமை அந்த இடத்திலயே கொண்டுபோடும் (கண்டி பஸ்ஸோட ஒரு சம்பந்தமும் இல்ல). கண்டிப்பான வாத்தியாரிட்டப் படிச்ச மாதிரி இருக்கும். என்ர ஒரு புரோகிராம் லப்டொப்பில மூண்டு வருஷமா ஓடினது, இதில மூண்டு செக்கன் ஓடேல்ல, பார்த்தா பிழை என்னிலதான்.

வெளி உலகத்துக்கு ஒரு தரகர்

பழைய பிரவுசரால இப்பத்த வெப்சைட் திறக்கேலாது. பாதுகாப்புக்காக பிரவுசரும் சைட்டும் மறைபாஷையில கதைக்கிறாங்க, அந்தப் பாஷை காலத்துக்குக் காலம் மாறும், பழைய பிரவுசர் பழைய பாஷையோட நிக்குது. வழி என்னெண்டா நடுவில ரஸ்பெரி பை மாதிரி ஒரு சின்னப் புது மெசினை வைக்கிறது, அது வெளிய புதுப் பாஷையில கதைச்சு உள்ள சாதாரண எழுத்தாக் குடுக்கும். புரொக்ஸி எண்டு பேர், தரகர்தான். நெட்பிஎஸ்டி போட்டா மெசினே புதுப் பாஷை பேசும், ஆனா அந்தக் கணக்கு பாரம், எஸ்எஸ்எச் எண்ட, வேற மெசினில இருந்து மறைபாஷையில உள்ள போற வழியால போறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிரும். பழைய சொலாரிஸ், ஐரிக்ஸ் எண்டா நேரா இன்டர்நெட்டுக்குத் திறந்து விடவே வேண்டாம். அதில டெல்நெட் எண்ட பழைய வாசல் திறந்திருக்கும், பாஸ்வேர்ட் மறைக்காம அப்பிடியே வயரில போகும்.

திகதி விசயம் ஒண்டும் இருக்கு. பழைய யுனிக்ஸ் 1970 ஜனவரி 1ல இருந்து எத்தினை செக்கன் எண்டு எண்ணி 32 பிட் இடத்தில வைக்கும். மொறிஸின்ர மைல் மீட்டர் 99999க்குப் பிறகு பூச்சியத்துக்குப் போற மாதிரி இதுவும் ஒரு நாள் நிரம்பும். எங்கட நேரத்துக்கு 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை காலமை 8 மணி 44 நிமிசம் 7 செக்கன். அடுத்த செக்கன் மெசினுக்கு 1901 டிசம்பர். நெட்பிஎஸ்டி 2012லயே 64 பிட்டுக்கு மாறிட்டுது, அதால எனக்குப் பிரச்சினை இல்ல.

தொடங்க விருப்பம் எண்டா

உடனே மெசின் வாங்கப் போகாதீங்க. கிவ்எம்யூ எண்ட இலவச மென்பொருள் உங்கட லப்டொப்புக்குள்ளயே ஸ்பார்க்ஸ்டேஷன் 5 மாதிரி நடிக்கும். இப்பிடி ஒரு மெசின் இன்னொரு மெசினா நடிக்கிறதுக்கு எமுலேஷன் எண்டு பேர். அதில நெட்பிஎஸ்டி போட்டு ஒரு மாசம் விளையாடுங்க. அலுப்படிக்காட்டி மட்டும் உண்மையான பெட்டிக்கு ஆசைப்படுங்க. வாங்கேக்க விக்கிறவரிட்ட திரையில என்ன வருது எண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. எஃப்எஃப் எஃப்எஃப் எண்டு வந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்க, மெசின் நல்லாத்தான் இருக்கும்.

என்ர மெசினின்ர மூடிக்கு உள்பக்கம் இப்ப ஒரு வெள்ளை ரேப் ஒட்டியிருக்கு. 16 பைட்டும் பேனையால எழுதி, கீழ பற்றரி மாத்தின திகதி. அதையும் படம் எடுத்து வைச்சிருக்கிறன், மச்சானுக்கும் ஒண்டு அனுப்பிட்டன்.